மூன்றாவது டொக்

பெங்களூரில் உடைத்த ஏர்போர்ட் பஸ்ஸின் கியர்பாக்ஸ்
காலித் தக்காளிக் கிரேடுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு
கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தது.
இறக்க நாலு பேர், ஒரு செயின் பிளாக்,
மூன்று கெட்ட வார்த்தை.

லகுமய்யாவின் இடது முட்டிக்காக வாங்கியது.
தருமபுரி ஆஸ்பத்திரியில் படம் பார்த்த டாக்டர்
"எலும்பும் எலும்பும் உரசுது, இனி மிதிக்காதே" என்றாராம்.
கிரானைட் ஏற்றும் வண்டி, தொண்ணூற்றெட்டு மாடல்.
எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறார் என்று
பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் எண்ணத் தொடங்கி
காவேரிப்பட்டினம் தாண்டுமுன் விட்டுவிட்டேன்.

முதலில் ஆயில்.
ரோஜாப்பால் நிறத்தை எதிர்பார்த்தேன், காப்பி வந்தது.
காப்பி பரவாயில்லை.
பாகு தீய்ந்த வாசம் வந்தால்தான் பயப்பட வேண்டும்.
இல்லை என்றது மூக்கு;
மூக்கை நம்பி இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

அடித்தட்டைக் கழற்றினேன்.
காந்தத்தில் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் பசை.
அது தேய்மானம், ஓடின எதற்கும் உண்டு.
விரலில் வைத்துத் தேய்த்தபோது ஒரு செதில் தட்டியது.
பித்தளை. ஒன்றே ஒன்று, நகக்கண் அளவு.
டீ டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன்,
எதிலிருந்து உடைந்தது என்று இன்னும் தெரியாமல்.

பெட்டியோடு வந்த கூலரில் மண்ணெண்ணெய் விட்டுக் காற்றடித்தோம்.
மூன்றாம் முறைதான் தெளிந்து வந்தது.
முன் சீல் புதுசு, பின் சீல் புதுசு.
எஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஜாதகம் பொருந்தாததால்
முனிவெங்கடன் லேத்தில் நடுவே ஒரு வளையம் கடைந்தார்,
அரை நூல் பிசகினாலும் திருப்பி அனுப்புவேன் என்று தெரிந்து.

புதுக் கிளட்ச் தட்டுகளை
இட்லிக்கு அரிசி மாதிரி ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டேன்.
"கிளட்சே இல்லேன்னு சொன்னியே?" என்றார் லகுமய்யா.
உள்ள இருக்கு, ஆயிலே மிதிச்சுக்கும் என்றேன்.
கடன் வாங்கிக் கொடுத்த பணத்தைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்.

பிறகு கன்வர்ட்டர்.
தண்டில் ஏற்றித் தள்ளக் கூடாது, சுற்ற வேண்டும்.
டொக்.
டொக்.
மூன்றாவது, பம்புக்கு உரியது, வரவில்லை.
அது வராமலே போல்ட்டை முறுக்கலாம்.
வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காக இருக்கும்.
ஸ்டார்ட் செய்த நொடியில் பம்பு நொறுங்கும்.
முபீன் போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.
ஸ்கேல் வைத்தேன்: முக்கால் அங்குலம் பாக்கி.
கரண்ட் போனது.
மேம்பாலத்து லாரிகளின் வெளிச்சம்
ஷெட்டுக்குள் வந்து வந்து போனது.

ஒன்பதரை இருக்கும். முபீன் பரோட்டா வாங்கப் போயிருந்தான்.
கட்டாத சீட்டுப் பணம் பற்றிய யோசனையில்
கை சும்மா இடப்பக்கம் திரும்பியபோது

டொக்.

பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் அளவுச் சத்தம்.
இருட்டில் ஸ்கேலைத் தடவித் தடவி
இன்னொரு தடவை அளந்தேன்.

கழற்றிய கிளட்ச் பெடலை அவர் கையில் கொடுத்தேன்.
ரப்பர் போய் ஓரத்தில் இரும்பு பளபளத்தது.
வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.
"காயலான் கடைக்குப் போடு, எத்தனை டீ வருதுன்னு பார்ப்போம்."
நாலு டீ வந்தது.
ஓட்டையை டிரம் தகடு வெட்டி அடைத்தேன்.

பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி
ஒவ்வொரு கியராகப் போட்டோம். ஏறியது, இறங்கியது.
அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
ஏத்தத்துக்கு இது நல்லது.
இறக்கத்துல பழசு மாதிரி இழுத்துப் பிடிக்காது.
தொப்பூர்ல கணவாய் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டுல போட்டுடுங்க.
லோடோட போகாதீங்கன்னா கேக்க மாட்டீங்க.

அவர் சீட்டில் உட்கார்ந்து
இடது காலை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

டேஷ்போர்டில் சாக்பீஸால் எழுதினேன்: தொப்பூர் 2.
துடைத்தால் போய்விடும்.
ஆணியை எடுத்து அதன் மேலேயே கீறினேன்.