மூன்றுக்கு இரண்டு

இது ஆட்டத்தின் கணக்கு இல்லை.
கிர்க்ஹேவன் கழகத்தின் மாடியறையில்
ஹீட்டர் பழுதான ஒரு செவ்வாய் இரவு
ஐந்து பேர் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்து
தூக்கிய கைகளின் கணக்கு.
மூன்றாவது கை என்னுடையது.

பதினான்கு ஆட்டம். இரண்டு வெற்றி. மூன்று சமன்.
மீதியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்,
எனக்கு வாய் வரவில்லை.
புள்ளிப் பட்டியலில் எங்களுக்குக் கீழே
டயர்க் கடை விளம்பரம்தான் இருந்தது.

லாக்லன் ப்ரோடி கெட்டவர் இல்லை.
மழை நாளில் மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டைத்
தானே போட்டவர்.
வெளியூர்ப் பயணத்தில் நல்ல இருக்கைகளைப் பையன்களுக்கு விட்டு
கழிப்பறைக் கதவோரம்
முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தவர்.
ஆனால் பிடிவாதம்.
முப்பத்தாறு வயது இன்னெஸை வலப்பக்கம் நிறுத்தினார்;
அவனைத் தாண்டி ஓடாத விங்கர்
ஸ்காட்லாந்திலேயே இல்லை என்றாகும்வரை
நிறுத்திக்கொண்டேயிருந்தார்.
"அடுத்த வாரம் பழகிவிடும்" என்றார்.
அடுத்த வாரம் நான்கு கோல் வாங்கினோம்.
அதற்கடுத்த வாரம் கடற்காற்றின் மேல் பழி.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று
சிரித்தோம்.

சிரித்த வாயாலேயே இதையும் சொல்லிவிடுகிறேன்.
ஆகஸ்டில் ஸ்ட்ரூவனை விற்றது யார்?
கோல் போடத் தெரிந்த ஒரே காலைக் கொடுத்து
கூரைத் தகரமும் நான்கு விளக்குக் கம்பமும் வாங்கியது
இதே அறை, இதே மேசை.
அன்று ஐந்து கையும் தூக்கின.
ப்ரோடி கதவருகில் நின்று கேட்டார்.
"சரி, இருப்பதை வைத்துப் பார்க்கிறேன்."
மாவு டின்னை எடுத்து ஒளித்துவிட்டு
ரொட்டி ஏன் எழும்பவில்லை என்று கேட்டோம்.
ரொட்டிக் கடைக்காரி நான்,
எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.
விளக்குகள் இப்போது நன்றாக எரிகின்றன.
தோற்பது கடைசி வரிசைவரை தெளிவாகத் தெரிகிறது.

சேர்மன் டன்ஸ்மூர் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்:
பதினெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.
உண்மைதான்.
அனுப்பத் தோதான அளவில் ஒருவர் இருந்தார்.

நான் ஏன் தூக்கினேன்?
அதற்கு முந்தைய சனிக்கிழமை
கிழக்கு ஸ்டாண்டில் ஒரு சிறுமி,
எட்டு வயதிருக்கும்,
கழுத்திலிருந்த பச்சை ஸ்கார்ஃபைக் கழற்றி
மடித்துப் பைக்குள் வைத்தாள்.
அழவில்லை, திட்டவில்லை.
அந்தக் குளிரில்.
வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.
ஒரு ஸ்கார்ஃபுக்காக ஒரு மனிதனின் சம்பளமா
என்று நீங்கள் கேட்டால்
பதில் தெரியாது.

புதியவர் வந்த முதல் ஆட்டமே வென்றோம்,
அதுவும் மூன்றுக்கு இரண்டு.
"பார்த்தாயா!" என்று என் முதுகில் அறைந்தார்கள்.
கடைசி நிமிடத்தில் கோல் போட்ட டோரனைப்
படகுப் பட்டறையிலிருந்து
கையோடு கூட்டிவந்தவர் ப்ரோடி என்று
யாருக்கும் அப்போது நினைவில்லை.
எனக்கு இருந்தது. நானும் கத்தினேன்.
அதற்குப் பின் நான்கு ஆட்டம்,
மூன்று தோல்வி.
அறைந்த கைகள் இப்போது சட்டைப் பைக்குள்.

இன்று காலை ஏழு மணிக்குக் கடைக்கு வந்தார்,
எப்போதும் வாங்கும் ஆறு ரோலுக்கு.
அதே கழக அங்கிதான். மார்பில் பெயரெழுத்தைப் பிரித்திருந்தார்;
ஊசி போன துளைகள்
இன்னும் எல்., பி. என்றே படித்தன.
ஏழாவது ஒன்றைச் சேர்த்துப் போட்டேன்.
கோபமில்லாமல் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டோரனின் கணுக்கால் எப்படி?"
"கட்டுப் போட்டிருக்கிறார்கள்."
"இடது காலால் பந்தை நிறுத்தச் சொல்லுங்கள்,
வலது தாங்காது."
சொல்கிறேன் என்றேன்.
யார் யார் கை என்று அவர் கேட்கவில்லை.
சில்லறையை எண்ணி வைத்தார்.
கதவு மணி அடித்து ஓய்ந்தது.

ஏழாவது ரோல் ஆறிக்கொண்டிருக்கிறது.
இரவு எட்டு மணிக்கு மறுபடி கூட்டம்.
ஹீட்டரைச் சரிசெய்துவிட்டார்களாம்.