நவம்பரில் கடல் மலிவு

வியாழன் இரவு, திபிலீசியில் மழை.
மருந்துக்கடை முதலாளி அழைத்தார்:
குழாய் வெடித்துவிட்டது, திங்கள்வரை வராதே.

ஸ்வியாத் அடுப்பை அணைத்துவிட்டு,
"கடலுக்கு?" என்றான்.

திரும்பி வரும் காசை முதலில் எண்ணி
இடது காலுறைக்குள் திணித்தேன்.
மிச்சம் நூற்றுப் பதினெட்டு லரி.
அது எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் நாங்கள்.

ரயிலில் இடமில்லை.
சிற்றுந்தில் கடைசி இரண்டு இருக்கை நிரம்பாமல்
ஓட்டுநர் சாவியைத் தொடமாட்டார்.
பேரம் பேச அதைவிட நல்ல நேரம் ஏது?
தலைக்கு ஐந்து குறைத்தார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவித்த முட்டை ஆறு, நேற்றைய பாலாடைக்கட்டி ரொட்டி.
குடையை மறந்திருந்தோம்.

கொபுலேத்தியில்
கோடையில் நூறு கேட்கும் அறை இருபத்தைந்துக்கு.
"சூடேற்றி கிடையாது. இன்னொரு கம்பளி தருகிறேன்"
என்றாள் வீட்டுக்காரி எத்தேரி.
"ஜன்னலில் கடல் தெரியுமா?"
"அதற்கு நான் பொறுப்பில்லை."

காலையில் மூடுபனி.
மறுநாளும்.
கூழாங்கற்களை இழுத்து இழுத்துக் கொட்டும் சத்தம் மட்டும்,
யாரோ பெரிய அண்டாவில் மொச்சை அலசுவதுபோல்.
"பாதிக் கடலுக்குப் பாதி விலை" என்று சிரித்தான் ஸ்வியாத்.
அலை எங்கே தொடங்குகிறதென்று பார்க்க நடந்தேன்.
முழங்காலில் தொடங்கியது.

ஞாயிறு, திரும்பும் வண்டியில்
காலுறையிலிருந்து உருவிய நோட்டுகளை
ஓட்டுநர் முகர்ந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
முன்கண்ணாடி ஓரமாகக் காயப்போட்டார்.
வழிநெடுக உப்புப் பூத்துக்கொண்டிருந்தது
எங்கள் டிக்கெட்.