கோடையில் எல்லாம் ஆறு

நாற்பத்தொரு குறிப்புகள் எழுதினேன்
ஒலெனாவின் முதல் நிரலுக்கு.
சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலின் உள்பக்கமும் பனி பூத்திருந்தது.

அடைப்புக்குறிக்கு முன் இடைவெளி வேண்டாம்.
வரி எண்பது எழுத்தைத் தாண்டுகிறது.
டேப் அல்ல, நான்கு ஸ்பேஸ்.
இங்கே ஒரு வெற்று வரி அதிகம்.
இங்கே ஒன்று குறைவு.

எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது, மறைக்கவில்லை.
வெண்பாவில் தளை தட்டினால் காது கூசுமே,
அந்தக் கூச்சம் கண்ணுக்கு வந்திருந்தது.
ஆறு பேர் எழுதினாலும்
ஒருவர் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்பேன்.
எந்த ஒருவர் என்று யாரும் கேட்டதில்லை.

இருபத்தேழாம் குறிப்பு ஓர் அட்டவணைக்கு.
டயாலிசிஸுக்குப் போகிறவர்களை ஏற்றும் வேன்கள்
எந்த ஊரில் எப்போது நிற்கும் என்பதை
அதிலிருக்கும் எண்கள்தாம் முடிவு செய்யும்.
கடிகாரத்தைத் திருப்பாத மாகாணம் இது.
எல்லையில் லாய்ட்மின்ஸ்டர் மட்டும்
ஆல்பர்ட்டாவோடு சேர்ந்து திருப்பிக்கொள்ளும்.
குளிரில் அதற்கு ஏழு, மற்ற ஊர்களுக்கு ஆறு.
கோடையில் எல்லாம் ஆறு.

ஒலெனா ஸ்பேஸ் கட்டையைத் தட்டித் தட்டி
ஆறின் கீழ் ஆறு, அதன் கீழ் ஏழு என்று
எண்களை நேராக நிறுத்தியிருந்தாள்.
நான் எழுதினேன்:
எண்களுக்கு இடையே ஒரே ஒரு ஸ்பேஸ். விதி பதினான்கு.

சரி, என்றாள்.
எதையும் எதிர்க்காத அந்தச் சரியை
நல்ல குழுவின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.
ஊர்ப்பெயர்களின் நீளத்துக்கேற்ப
எண்கள் முன்னும் பின்னுமாகச் சிதறின.
விதிப்படி, சுத்தம்.

பிப்ரவரியில் கிண்டர்ஸ்லியைச் சேர்த்தது நான்.
ஒரே ஒரு வரி. ஒரு ஸ்பேஸ் கூடவில்லை, குறையவில்லை.
ஒலெனா பார்த்துவிட்டு
நன்றாக இருக்கிறது என்று ஒப்புதல் தந்தாள்.
நன்றாகத்தான் இருந்தது.
குளிருக்கு ஆறு, கோடைக்கு ஏழு.

மார்ச் இரண்டாம் ஞாயிறு
ஊரெல்லாம் கடிகாரம் திருப்பிய இரவில்
கோடை எண்கள் வேலைக்கு வந்தன.
திங்கள் காலை ஏழு மணி வேனுக்கு
மர்லீன் டைக் எட்டு மணிவரை வாசலில் நின்றார்,
கோட்டின் கடைசிப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு.
ஓட்டுநர் போனில் சொன்னார்:
திரையில் எட்டு என்றுதானே இருந்தது.

நேராக நின்றிருந்தால் அந்த ஏழு
சோற்றுக் கல்லாய்ப் பல்லில் பட்டிருக்கும்.
இதை ஒலெனா சொல்லவில்லை.
நானே சொன்னேன், கூட்டத்தில், கொஞ்சம் திக்கி.

விதியையே தூக்கிப் போடுவோம் என்றான் டார்சி.
மூன்று வாரம் போட்டோம்.
ஆளுக்கொரு இலக்கணம்.
அவன் எழுதியதை அவனே
புதன்கிழமை யாருடையது என்று கேட்டான்.

இப்போது இடைவெளிகளை ஒரு கருவி பார்த்துக்கொள்கிறது.
சேமித்ததும் எல்லாவற்றையும் அதுவே சீவிவிடும்.
அதனிடம் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.
எனக்கு மிச்சம், அர்த்தம் மட்டும்.
அது கஷ்டம். ஒரு நிரலுக்கு
இரண்டு குறிப்புக்குமேல் எழுத வரவில்லை.

அந்த அட்டவணைக்கு மேல் மட்டும்
ஒரு வரி சேர்த்திருக்கிறோம்:
இங்கே கைவைக்காதே.

ஒலெனா மறுபடி கட்டையைத் தட்டி
எண்களை நிறுத்திக்கொண்டிருந்தபோது
பேச்சுவாக்கில் சொன்னேன்:
என் மொழியில் நீ எழுதுவதற்குப் பெயர் நிரல்.
பள்ளிக் கணக்கில் மேலிருந்து கீழ் இறங்கும்
எண் வரிசைக்கும் அதே பெயர்தான்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
தெரிந்துமா கலைக்கச் சொன்னாய்?

பாலத்தடியில் பனிப்பாளம் உடைந்து
தண்ணீர் தெரியத் தொடங்கியிருக்கிறது.
அவள் ஒவ்வொன்றாக நிறுத்துகிறாள்.
ஆறு.
ஆறு.