வெள்ளிக்கிழமைச் சவரம்

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட், என் கடை.
நாற்காலி இரண்டு, ஒன்றில் ஸ்ப்ரிங் போய்விட்டது.
இன்றிரவு கிரேவில்லில் எட்டு ரேஸ், விளக்கு வெளிச்சத்தில்.
காலையிலிருந்து தலைகள் வந்தபடி இருக்கின்றன.
முடி வெட்டிக்கொள்ள ஒருத்தனும் வரவில்லை.

முதல் ரேஸைத் தொடாதே என்றேன் கோனசீலனிடம்.
எல்லாம் இரண்டு வயதுக் குட்டிகள்,
கதவு திறந்ததும் எந்தப் பக்கம் ஓடுவதென்று
அதுகளுக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்?
இரண்டாவதில் மிஸ்டர் அலிபை.
போன மாதம் ஸ்காட்ஸ்வில்லில் நாலாவதாய் வந்தது,
ஆனால் கடைசி இருநூறு மீட்டரைக் கவனித்தாயா,
ஜாக்கி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தவன் போல வந்தான்.
இன்றைக்குத்தான் அவன் இறங்கும் ஸ்டாப்.

மூன்றும் நான்கும் பணம் கூடிப்போனவர்களுக்கு.
சிரிக்காதே, தாடையில் கத்தி இருக்கிறது.

ஐந்தாவதுதான் ரேஸ்.
ஆயிரத்து அறுநூறு மீட்டர், புல்தரை.
கோல்டு டூத் மேல் ஊரே கட்டியிருக்கிறது. கட்டட்டும்.
அதற்கு வாய்த்தது பதினான்காம் கதவு.
கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப்
பாயசம் வந்து சேர்ந்த கதைதான்.
லேட் ஃபார் சர்ச் நல்லவள்,
கடற்காற்று முகத்தில் அடித்தால் மட்டும் கோபித்துக்கொள்வாள்.
வாசலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன்.
வடகிழக்கு. அடிக்கிறது.

கோனசீலன் இறங்கினான், தோக்கோசானி ஏறினான்.
சம்மர்வெல்டில் லாயத்து வேலை.
மாதம் ஒருமுறை தங்கை வீட்டுக்கு வரும்போது
என்னிடம் கழுத்தைக் கொடுப்பான், வாயைக் கொடுக்கமாட்டான்.
பேசினால் வேலை போகும், எல்லாருக்கும் தெரியும்.
நான் நுரையைப் பூசிக்கொண்டே பெஞ்சுக்குச் சொன்னேன்:

ஆறாம் எண், ஸ்மால் சேஞ்ச்.
ஒன்பது வயது. ஓடுகிற குதிரைக்கு அது பேரன் எடுத்த வயது.
அயர்லாந்தில் வேலி தாண்டும் பந்தயங்களில் ஓடியது.
இரண்டு முறை விழுந்தது.
ஒருமுறை ஆளைக் கீழே தள்ளிவிட்டு
மிச்ச வேலிகளைத் தனியாகவே தாண்டி
முதலாவதாக வந்து நின்றதாம், வெறும் சேணத்தோடு.
இங்கே வேலி கிடையாது.
அதை அதனிடம் யாரும் சொல்லவில்லை.
விளக்குக் கம்பத்தின் நிழல் புல்லில் கிடந்தால்
காலை மடக்கித் தாண்டிவிடும்.
ஒரு தாண்டலுக்கு அரைக்குதிரை நீளம் நஷ்டம்,
நேர்ப்பாதையில் கம்பங்கள் ஏழு,
கணக்கை நீங்களே போடுங்கள்.

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.
கத்திக்கு அடியில் ஒரு நரம்பு
ஒரே ஒரு முறை எகிறியது.

கையை நிறுத்தினேன்.
சும்மா சொல்வது போல கோல்டு டூத் என்றேன்.
ஒன்றுமில்லை, குளத்துத் தண்ணீர்.
லேட் ஃபார் சர்ச். இல்லை.
ஸ்மால் சேஞ்ச்.
அங்கே எகிறியது மறுபடியும்,
இல்லாத வேலியைத் தாண்டுகிற மாதிரி.

முப்பத்தொரு வருஷமாகக் கழுத்துகளைப் படிக்கிறேன்.
கடனை, கள்ளக்காதலை, சர்க்கரை வியாதியை
மனைவிக்கு முன்னால் நான் அறிந்ததுண்டு.
இது எது என்று பிடிபடவில்லை.
ஜெயிக்கப்போகிறது என்று துடித்ததா,
இன்றிரவு கால் முறியும் என்று துடித்ததா,
விடியற்காலையில் அதைக் குளிப்பாட்டிய கை
துண்டுக்கு அடியில் ஏன் அப்படி மூடிக்கிடந்தது?

நாற்பது ராண்ட் கொடுத்தான், மீதி வாங்கவில்லை.
கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே போனான்.

நாலரைக்குக் கடையைச் சாத்திவிட்டு
டோட் கவுன்டருக்கு நடந்தேன்.
பங்களாதேஷ் மார்க்கெட்டிலிருந்து பச்சை மிளகாய் வாடை.
கவுன்டரில் கெருஷா, காதில் பேனா.
ஐந்தாவது ரேஸ், ஆறாம் எண், நூறு ராண்ட் என்றேன்.
வின்னா, பிளேஸா என்றாள்.

விழாமல் முடிப்பதற்கு
ஏதாவது டிக்கெட் இருக்கிறதா, அம்மா?

நிமிரவில்லை.
அங்கிள், பின்னால் ஆள் நிற்கிறது, என்றாள்.