இழப்பு: பத்தொன்பது சென்டிமீட்டர்

அல் கூஸில் எட்டாம் எண் கிடங்கு.
முன்பு டயர் அடுக்கியிருந்தார்கள்,
தரையில் இன்னும் கறுப்பு வளையங்கள்.
இப்போது இருபத்தொரு டிகிரிக் குளிர், வெள்ளைச் சுவர்,
சுவருக்கு முன்னால்
நாங்கள் தொங்கவிட வேண்டிய மழை.

மூவாயிரம் கேசட்டுகளை உடைத்து
நாடாவை மட்டும் உருவியிருக்கிறாள் ஹெஸ்ஸா.
மொத்தம் இருநூற்று எழுபது கிலோமீட்டர்.
அபுதாபி போய்த் திரும்பலாம் என்றான் கமருதீன்,
சாலிக் கட்டாமல்.

சுங்கத்தில் மூன்று நாள் நின்றன பெட்டிகள்.
பழைய பிளாஸ்டிக் என்றால் ஒரு வரி,
கலைப்பொருள் என்றால் இன்னொன்று.
இதில் என்ன பதிவாகியிருக்கிறது என்று அதிகாரி கேட்டாராம்.
எல்லாம், என்றாளாம்.
அதனால்தான் மூன்று நாள்.

எந்த இழையில் ஊத் வாத்தியம், எதில் ஆங்கிலப் பாடம்,
பார்த்தால் தெரியாது.
எல்லாம் ஒரே பழுப்பு.
விளக்கில் பிடித்தால் பேரீச்சம்பழத் தோல்.

கத்தரி லிஃப்டில் நான் மேலே.
ஏ.சி. விட்ட மூச்சில் முனைகள் பறந்து வந்து
கன்னத்தில் ஒட்டும், கழுத்தில், பொத்தானில்.
வியர்வை என்றால் அவற்றுக்கு அவ்வளவு ஆசை.

நாற்பத்தோராம் வரிசை
லிஃப்ட் கம்பியில் சிக்கி அறுந்தது.
சத்தமே இல்லை.
பாட்டு அறுந்தால் ஏதாவது கேட்கும் என்று
ஏனோ நினைத்திருந்தேன்.

'அருளப்பன், அசையாதே' என்று கத்தினாள் மரிவிக்.
அளந்தாள். படம் எடுத்தாள்.
படிவத்தில் எழுதினாள்:
இழப்பு, பத்தொன்பது சென்டிமீட்டர்.
காப்பீட்டுக்காரனுக்கு ஒரு பிரதி,
என் ஃபோர்மேனுக்கு ஒன்று.

துண்டு எங்கே என்றாள் ஹெஸ்ஸா.
கோபமில்லை. தொலைந்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி
மண்டியிட்டாள்.
எல்லோரோடும் சேர்ந்து நானும் தேடினேன்,
நிஜமாகவே தேடினேன்.

இரவு காம்ப்பில் ஷூவைக் கழற்றினால்
சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

கமருதீன் ஒருகாலத்தில் சத்வாவில்
கேசட் பதியும் கடையில் நின்றவன்.
'விநாடிக்கு நாலே முக்கால் சென்டி ஓடும்.
அப்ப உங்கிட்ட நாலு விநாடி இருக்கு.'

நாலு விநாடியில் என்ன அடங்கும்?
கேக்குதா கேக்குதா அடங்கும்.
ஒரு தும்மல், அதற்கு ஒரு மன்னிப்பு.
இரண்டு பாட்டுக்கு நடுவில் ஓடும்
வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.
கேட்டுப் பார்க்கக் கருவி இல்லை,
கருவியைத் தேடுகிற எண்ணமும் இல்லை.
பாஸ்போர்ட்டுக்குள் வைக்கலாம் என்றால்
பாஸ்போர்ட் கம்பெனியிடம்.

திறப்பு விழா அன்று எங்களுக்கு விடுமுறை.
மழைக்கு முன்னால் நின்று ஒரு குழந்தை ஊதியதாம்,
நாற்பத்தோராம் வரிசை மட்டும்
கொஞ்சம் முன்னதாகவே திரும்பி வந்ததாம்.
மரிவிக் சொன்னாள்.
நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.
நேற்றும் இதையேதான் சொன்னேன்.

மெஸ்ஸில் தேய்க்கிற அட்டையின் முதுகிலும்
அதே பழுப்புப் பட்டை.
என் பேர், கம்பெனி எண், அறை, கட்டில்.
இதில் நான் எத்தனை விநாடிடா என்றேன்.
ஸ்கேல் வைத்து அளந்தான் கமருதீன்.
எட்டரை சென்டி.
'ரெண்டு விநாடிகூட இல்ல' என்றான்,
'ஆனா சோறு போடுவான்.'