முன்னிலை

சனிக்கிழமை காலை ஆர்.எஸ்.புரத்தில்
டயர்க் கடைக்கு மேல்மாடி, ஜெர்மன் வகுப்பு.
பதினோரு பேர். ஒன்பது பேர் இன்ஜினியரிங்,
தமயந்தி நர்ஸ்,
ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார்,
எதற்கு வருகிறார் என்று யாருக்கும் தெரியாது.

ரிஸ்வானா ஆகன் நகரம்தான் என்கிறாள்.
தாரகேசுக்கு எந்த ஊரானாலும் சரி.
"மெக்கட்ரானிக்ஸ் முடிச்சுட்டு
பம்ப் கம்பெனியில பதினெட்டாயிரத்துக்குக் குந்தறதுக்குப்
பனியிலயே நிக்கறேன் போ."
விண்ணப்பத்தில் ஒரு கேள்வி,
வேறொரு பண்பாட்டோடு பழகிய அனுபவம்.
மூணாறு டூர் என்று எழுதி வைத்திருக்கிறான்.

எனக்கு இன்னும் ரோசனைதான்.
வீட்டில் முடிவாகிவிட்டது.
பிளாக்டு அக்கவுண்டுக்குப் பன்னிரண்டு லட்சம்,
ஆனைமலை ரோட்டுத் தோப்பின் பேரில்.
அப்பா கணக்குப் போடுகிறார்:
மரத்துக்கு இத்தனை காய், காய்க்கு இத்தனை,
வெள்ளை ஈ தின்றது போக,
ஏறுகூலி போக.

ஐந்தாம் வாரம் மேடம் சொன்னார்,
அங்கே நீ என்பதற்கு ஒரு சொல்,
நீங்கள் என்பதற்கு வேறு சொல்.
டூ. ஸீ.
மாற்றிச் சொன்னால் முகம் சுருங்கும்.

நாங்கள் சிரித்தோம்.
யாரிடம் சொல்கிறீர்கள் மேடம்?
மூன்று வயசுக் குழந்தையை "வாங் கண்ணு" என்கிற ஊர்,
"ஏனுங்" என்று தொடங்காமல்
டிக்கெட்கூட வாங்காத ஊர்.
"இந்த ஒரு பாடத்துல
ஜெர்மன்காரனுக்கே நாம டியூஷன் எடுக்கலாம்"
என்றான் தாரகேஷ்.

மேடம் விடவில்லை.
நோட்டின் நடுவே கோடு போடுங்கள்.
தெரிந்தவர்கள் இருபது பேர்.
யார் டூ, யார் ஸீ.

அப்பா ஸீ. அம்மா டூ, அது ஏனென்று யோசிக்கவில்லை.
ஹெச்.ஓ.டி., மெஸ் மேனேஜர், டவுன் பஸ் கண்டக்டர்,
பக்கத்துத் தோட்டத்து மூன்று வயசு நிரல்யா
எல்லோரும் ஸீ.
ரிஸ்வானா, தம்பி, எங்கள் நாய்,
மருதமலை முருகன்
இந்தப் பக்கம்.

இருபதாவது ரங்கான்.
கை தானாக டூ பக்கம் போனது.

தேங்காய் போட வருகிறவன்,
வருகிறவர்,
இங்கே தமிழிலேயே பேனா நின்றது.
அறுபத்திரண்டு வயசு.
நான் பிறக்கும் முன்பிருந்தே எங்கள் மரங்களில் ஏறுகிறார்.
ஆறாவது படிக்கும் தம்பி கூப்பிடுவான்,
"ரங்கா, ரெண்டு எளநி வெட்டு."
வெட்டி நீட்டுவார், "இந்தாங் சாமி."
முழுப்பெயர் ரங்கசாமி என்பதை
வாக்காளர் சீட்டில்தான் பார்த்தேன்.
அதற்குப் பிறகும் ரங்கான்தான்.

தமயந்தி நோட்டை எட்டிப் பார்த்தேன்.
டூ பக்கம் ஒரே ஒரு பெயர், அவள் மகள்.
"எங்க ஊர்ல எங்களுக்கு
ஸீதான் அதிகமுங்க" என்றாள்.
சிரிக்கவில்லை.

ரப்பர் இல்லை. அடித்துவிட்டு
அந்தப் பக்கம் எழுதினேன்: ஹெர் ரங்கசாமி.
இலக்கணம் சரி என்று
மேடம் டிக் போட்டார்.

பொள்ளாச்சி பஸ்ஸில் உக்கடத்திலிருந்து ஒத்திகை.
ஜெர்மனில் சுலபமாக இருந்தது.
தமிழில் கிணத்துக்கடவு தாண்டியும் வரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி,
தளைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு
கம்பி வேலியைத் திறந்து வந்தார்.
அப்பா கயிற்றுக் கட்டிலில், பேப்பரோடு.

"வாங்க" என்றேன்.

ரங்கசாமி நின்றார்.
யார் வந்திருக்கிறார்கள் என்று
பின்னால் திரும்பிப் பார்த்தார்.
தடத்தில் யாரும் இல்லை.

அப்பா பேப்பரை இறக்கவில்லை.
பக்கமும் திருப்பவில்லை.