காரணம் என்ற கட்டம்

காலை ஆறரைக்கே வந்துவிட்டார் இன்பான்.
கையில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்,
கேனுக்குள் நேற்றைய ஒரு முழு நாள்.
"ஒரு சொட்டும் சிந்தவில்லை, டாக்டர்."
நான் டாக்டர் இல்லை. சோதனைக்கூடத்தில்
எண்களைப் பார்க்கிறவள்.
ஒன்பது வருடம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

தாய்லாந்தின் மேற்குக் கோடியில் இது ஒரு மலையடிவாரம்.
மலையில் துத்தநாகம் எடுத்தார்கள்.
அதன் கூடப்பிறந்த காட்மியம்
யாரும் கூப்பிடாமலே கூட வந்தது.
ஓடையில் இறங்கி, மடை தாண்டி,
வண்டலாய்ப் படிந்து
ஹுவாய் தொங் வயல்களின் வேர்வரை போனது.
நெல்லுக்கு என்ன தெரியும்?
நல்லதென்று குடித்து
மணிக்குள் வைத்து மூடித் தந்தது.

தின்ற பிறகு
ஈரலில் ஒரு புரதம் அதைக் கட்டிக்கொள்ளும்,
சுமந்துபோய்ச் சிறுநீரகத்தில் இறக்கும்.
அங்கே முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள்
இலட்சக்கணக்கில்.
வேண்டியதை மடக்கி உடம்புக்கே திருப்புகிற மதகுகள்.
மதகுப் பலகையிலேயே குடியேறி
உளுக்க வைக்கும் காட்மியம்.
பிறகு போகக் கூடாததெல்லாம் போகும்:
சின்னப் புரதங்கள், சர்க்கரை,
எலும்புக்கென்று இருந்த சுண்ணாம்புச் சத்து.
வலிக்காது.
சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் அவற்றுக்கு இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
மனிதர் மறக்கலாம்,
சிறுநீரகம் மறப்பதில்லை.
காட்மியத்தின் உப்பு பாதியாய்க் குறையவே
இருபது வருடம் கேட்கும்.
அரை ஆயுள் என்று போட்டிருக்கிறது புத்தகத்தில்.
"எனக்கு அறுபத்திரண்டு,
யாருடைய ஆயுளில் அரை?" என்று
சிரித்தார் அன்றைக்கு.

இழுத்து வெளியே போட மருந்து கேட்டாள்
அவர் மனைவி கம்பேங்.
இழுக்கிற வழியும் அதே வாய்க்கால்தான்.
உளுத்த மதகில்
வெள்ளத்தைத் திறந்துவிட யாருக்குத் துணிச்சல்?
இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்,
அவ்வளவுதான் வைத்தியம்.

நெல் வேண்டாம், கரும்பு போடு என்றது அரசு.
போட்டார்கள்.
மானியம் வந்தது.
வெளியூர் அரிசியைக் கடையில் வாங்கினார்கள்.

சிறுநீர் வாழ்நாளைச் சொல்லும்.
இரத்தம் இந்தப் பருவத்தைச் சொல்லும்.
இரத்தத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது,
ஆறு, ஐந்து, நாலரை.
இந்த முறை எட்டு.
இயந்திரத்தைக் கழுவி மறுபடி ஓட்டினேன்.
எட்டு.

"கடை அரிசிதானே?"
"கடை அரிசிதான்,"
சுவரில் பல்லியைப் பார்த்துச் சொன்னார்.
கேன் மூடியை இறுக்கித் திருகிக்கொண்டே
கம்பேங் சொன்னாள்:
"ஆலை கரும்புக்குக் காசு தந்து எட்டு மாசம்.
கரும்புக்கு நடுவே, ரோட்டிலிருந்து தெரியாமல்,
அரை ராய் நிலத்தில் நெல்."
"நல்லா மணக்கும்," என்றார் இன்பான்.
ஒப்புதல் வாக்குமூலமா, பெருமையா,
எனக்குப் பிடிபடவில்லை.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
அளவு கூடியதற்குக் காரணம்.
நெல் என்று எழுதினால் மானியம் நிற்கும்.
மானியம் நின்றால்
அரை ராய் இரண்டு ராய் ஆகும்.
புகையிலைச் செடியும் மண்ணிலிருந்து
காட்மியத்தை உறிஞ்சும், அது பொய்யில்லை.
எழுதினேன்: புகைப்பழக்கம்.

ஒரு சுருட்டைக் கூடத் தொட்டறியாத மனிதர்
படித்துக் காட்டச் சொன்னார்.
"எப்போதிருந்து பிடிக்கிறேன்?"
"எட்டு மாசமாய்."

கேனைக் கழுவித் தரும்வரை
வாசலில் நின்றார்கள், எண்ணெய் வாங்க வேண்டுமாம்.
அதிலிருந்ததை அளந்தேன், இரண்டு லிட்டர் சொச்சம்.
ஒரு முழு நாளில் அந்த உடம்பு வெளியே தள்ளியது
பொடியுப்பின் ஒரே ஒரு துகளில்
கால் பங்கு இருக்கும்.

நேற்று இராத்திரிச் சோற்றில்
உள்ளே போனது எவ்வளவு என்று
நான் கணக்குப் போடவில்லை.